தடையை எழுத்தில் வாங்குங்கள்: வன்னி வளாக மாணவருக்கான கருத்துரிமைக் கையேடு

வளாகத்தில் ஒரு கலந்துரையாடலோ சுவர்ப் பத்திரிகையோ நினைவேந்தலோ தடுக்கப்படும்போது பெரும்பாலும் கடிதம் எதுவும் வராது. நிகழ்வுக்கு முதல்நாள் பின்னேரம் ஓர் அழைப்பு வரும்: "தம்பி, இப்ப நிலைமை சரியில்லை, கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ." தடுத்தது யார், எந்த விதியின் கீழ், எத்தனை நாளுக்கு என்ற விபரம் எங்கும் எழுதப்பட்டிராது. வாயால் சொன்ன தடையை எதிர்த்து மேன்முறையீடு செய்ய முடியாது. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் "அப்படி யாரும் சொல்லவில்லையே" என்பார்கள். அதனால் இந்தக் கையேட்டில் உள்ள வேலைகள் பெரும்பாலும் ஒரே நோக்கத்துக்கானவை: கேட்பதை எழுத்தில் கேட்பது, மறுப்பை எழுத்தில் வாங்குவது, திகதியைக் கணக்கு வைப்பது.

வவுனியாப் பல்கலைக்கழகம், கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்கள், கல்வியியற் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி என எல்லா அரச நிறுவன மாணவருக்கும் இது பொருந்தும். தனியார் நிறுவனத்தில் படிப்பவருக்கு நீதிமன்ற வழி வேறு. கீழே சொல்லும் அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம்.

உரிமை எங்கே இருக்கிறது

1978 அரசியலமைப்பின் 14(1) ஆம் உறுப்புரையில் (அ) பேச்சு, கருத்து வெளிப்பாடு, வெளியீடு. (ஆ) அமைதியாக ஒன்றுகூடல். (இ) சங்கம் அமைத்தல் ஆகியன இருக்கின்றன. தகவல் பெறும் உரிமை 14அ. 2015 இல் 19 ஆம் திருத்தத்தோடு சேர்க்கப்பட்டது. இவற்றுக்கு வரையறை போட 15 ஆம் உறுப்புரை இடம் தருகிறது: இன, மத நல்லிணக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டல், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியன. ஆனால் அந்த வரையறை சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பீடாதிபதிக்குத் தலைப்புப் பிடிக்கவில்லை என்பது சட்டம் ஆகாது.

இரண்டு தீர்ப்புகளை மனத்தில் வைத்திருங்கள். ஒன்று ஜோசப் பெரேரா வழக்கு (1987). சிலாபத்தில் கல்வி பற்றி நடக்கவிருந்த ஒரு பொதுக் கூட்டத்தோடும் ஒரு துண்டுப்பிரசுரத்தோடும் தொடங்கிய வழக்கு அது. பிரசுரம் விநியோகிக்கப் பொலிஸின் முன் அனுமதி வேண்டும் என்ற அவசரகால விதி செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மற்றது 1993 ஜனகோஷ வழக்கு. அரசுக்கு எதிராக மேளம் அடிப்பதும் மணி அடிப்பதும் ஒலி எழுப்புவதும்கூடக் கருத்து வெளிப்பாடுதான் என்று அதில் தீர்க்கப்பட்டது. கடிதத்தில் இந்த இரண்டு பெயரையும் ஒரு வரியில் குறிப்பிட்டால், பதில் எழுதுகிறவர் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுவார்.

நேரம், இடம், ஒலி அளவு பற்றி நிர்வாகம் விதி போடலாம். விரிவுரை நேரத்தில் ஒலிபெருக்கி வேண்டாம், நூலகத்துக்குள் கூட்டம் வேண்டாம், பரீட்சை வாரத்தில் மண்டபம் இல்லை என்பவை நியாயமான விதிகள். அவற்றோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதே விதி எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போடப்படுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு சங்கத்துக்குத் தந்த மண்டபத்தை அதே நிபந்தனையில் உங்களுக்கு மறுத்தால், பேச்சுரிமையோடு சமத்துவம் பற்றிய 12 ஆம் உறுப்புரையும் சேர்ந்து வரும். உங்கள் வழக்குக்கு அதுவே பெரிய பலம்.

கலந்துரையாடல் ஒன்றுக்கு மண்டபம் கேட்பது

முதலில் உங்கள் சங்கத்தின் யாப்பையும், மண்டபப் பாவனை விதியையும், மாணவர் ஒழுக்க விதிக்கோவையையும் போட்டோக்கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலர் தங்கள் சங்க யாப்பை வாசித்ததே இல்லை. அதில் "பெரும்பொருளாளரின் ஒப்பத்துடன்" என்ற ஒரு சொல் இருந்து, அது இல்லாமல் கடிதம் போனால், தலைப்பைப் பற்றிப் பேசாமலே கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடிதத்தைக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகக் கொடுங்கள். மூன்று நாள் முன் கொடுத்தால் "நேரம் போதாது" என்ற காரணத்தை நீங்களே கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கடிதத்தில் இருக்க வேண்டியவை: நிகழ்வின் பெயர், ஒரு வரியில் பொருள், திகதி, தொடங்கும் முடியும் நேரம், எதிர்பார்க்கும் ஆட்கள், வெளியிலிருந்து வரும் பேச்சாளரின் பெயரும் தொழிலும், ஒலிபெருக்கி தேவையா இல்லையா, மண்டபத்தைத் துப்புரவாக ஒப்படைக்கப் பொறுப்பான இருவரின் பெயர். பொருளை மழுப்பாதீர்கள். "இளைஞரும் சமூகமும்" என்று போட்டுவிட்டுக் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிப் பேசினால், மறைத்தீர்கள் என்ற பழி வரும், அடுத்த முறை உண்மையாகவே மறுப்பார்கள். "காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகச் சட்டம்: ஒரு கலந்துரையாடல்" என்று நேராகப் போடுங்கள். காணி, மீள்குடியேற்றம், பல்கலைக்கழக நிதி, விடுதித் தண்ணீர் எதுவானாலும் அப்படியே.

கடைசிப் பந்தியில் இந்த வரி இருக்கட்டும்: "இவ்வேண்டுகோள் ஏற்கப்படாதவிடத்து, அதற்கான காரணத்தையும் அக்காரணத்துக்கு அடிப்படையான விதியையும் இன்ன திகதிக்கு முன் எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் பெற்றவரின் ஒப்பமும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம். அன்றைக்கே பதிவுத் தபாலில் பதிவாளருக்கு அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதே கடிதத்தைப் பீ.டி.எஃப். ஆக மின்னஞ்சலிலும் அனுப்பி, பீடாதிபதிக்கும் மாணவர் நலப் பிரிவுக்கும் பிரதி போடுங்கள். வட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். அனுப்பியவர் அதை அழிக்கலாம், தொலைபேசியும் பழுதாகலாம்.

சுவரொட்டி, சுவர்ப் பத்திரிகை, துண்டுப்பிரசுரம்

வெளியிடுபவரின் பெயர் கீழே இருக்கட்டும். "மாணவர்கள்" என்று மட்டும் போட்ட சுவரொட்டியை யாரும் கிழிக்கலாம், எழுதியதை யார் தலையிலும் கட்டலாம். அச்சகத்தில் அடித்தால் அச்சகப் பெயரை நீக்கச் சொல்லாதீர்கள்.

வவுனியாவிலும் அறிவியல்நகரிலும் தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர் ஒரே விடுதியில் இருக்கிறார்கள். தமிழில் மட்டும் ஒட்டியதை ஒருவர் படம் எடுத்துப் பிழையான சிங்கள விளக்கத்தோடு போட்டால், பின்னேரத்துக்குள் அது வேறொரு கதையாகிவிடும். ஆகவே முக்கியமான பிரசுரம் எதையும் மூன்று மொழியிலும் நீங்களே போடுங்கள். சிங்களப் பிரதியைக் கணினி மொழிபெயர்ப்பில் விட வேண்டாம். உங்கள் பட்ச்சில் உள்ள ஒரு சிங்கள நண்பரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எது குத்துகிறது, எது விளங்கவில்லை என்று அவர் சொல்வதை வைத்துத் தமிழ்ப் பிரதியையும் திருத்தலாம். 2016 யூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரவேற்பு நிகழ்வில் கண்டிய நடனம் சேர்ப்பது பற்றிய பிணக்கு கைகலப்பாகி முடிந்தது. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே எல்லா மாணவரோடும் கதைத்து எழுதி வைப்பது அதனால்தான் முக்கியம்.

ஒட்டிய உடனே திகதி தெரிய ஒரு படம் எடுங்கள். கிழிக்கப்பட்டால் கிழிந்த இடத்தையும் எடுங்கள். மற்றவர் ஒட்டியதன் மேல் ஒட்ட வேண்டாம்.

மே 18, நவம்பர் 27

முள்ளிவாய்க்கால் நினைவு நாளையும் மாவீரர் நாளையும் தவிர்த்து எழுதும் கையேட்டால் வன்னியில் பயன் இல்லை. 2012 நவம்பர் 27 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதியில் விளக்கேற்றியதைத் தொடர்ந்து மாணவத் தலைவர்கள் கைதாகி, வெலிக்கந்தைக்குப் புனர்வாழ்வு என்று அனுப்பப்பட்டார்கள். 2019 மேயில் இராணுவத் தேடுதலின்போது கண்டெடுத்த படங்களை வைத்து அதே பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் கைதானார்கள். 2021 ஜனவரி 8 இரவு அந்த வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டில் திரும்பக் கட்டித் திறக்கப்பட்டது.

இந்த நாட்களில் சட்டச் சிக்கல் பெரும்பாலும் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னம், கொடி, சீருடைப் படம், தலைவர் படம் ஆகியவற்றைச் சுற்றித்தான் வருகிறது. இறந்த உறவை நினைத்து விளக்கேற்றுவதும் மௌனம் காப்பதும் பெயர் வாசிப்பதும் கஞ்சி கொடுப்பதும் வேறு. அவற்றைச் செய்யும் உரிமையை உறுதியாகக் கேளுங்கள். ஆனால் ஒருவர் கொண்டுவந்து நீட்டும் ஒரு படம் இருபது பேரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குள் கொண்டுபோகலாம். யார் என்ன கொண்டுவரலாம் என்பதை ஏற்பாட்டாளர் முதல்நாளே முடிவெடுத்து எல்லாருக்கும் சொல்ல வேண்டும். ஒன்றிய அறையில் பழைய ஆண்டுகளின் பதாகைகள் கிடக்கும். என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு புதிய குழுவும் பொறுப்பெடுத்த அன்றே பார்த்து எழுதி வையுங்கள்.

பொலிஸார் நீதவானிடம் போய், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106 ஆம் பிரிவின் கீழ்த் தடையுத்தரவு வாங்குவது வழமை. அந்தத் தாளைக் கையில் தந்தால் மூன்றைப் பாருங்கள்: யாருடைய பெயர், எந்த இடம், எந்தத் திகதி. பெயர் குறித்தவர் அதை மீறினால் அது தனிக் குற்றம். உத்தரவை மாற்றக் கேட்டு அடுத்த நாளே சட்டத்தரணியோடு அதே நீதிமன்றத்துக்குப் போகலாம். தாள் எதுவும் இல்லாமல் "கோட் ஓடர் இருக்கு" என்று வாயால் சொன்னால், பிரதி தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

படலைக்கு வெளியே போனால்

வளாகத்துக்குள் நிர்வாக விதி. மன்னார் வீதியிலோ ஏ9 இலோ கால் வைத்தால் பொலிஸ் சட்டம். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77 ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஊர்வலம் தொடங்க முன் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன்னர், தொடங்கும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். இது அறிவித்தல்தான், அனுமதி கேட்கும் விண்ணப்பம் இல்லை. கடிதத்தையும் அப்படியே எழுதுங்கள்: "அறியத்தருகிறோம்." 6 மணித்தியாலம் சட்டத்தின் எல்லை. நடைமுறையில் இரண்டு நாள் முன் கொடுத்தால் பாதை பற்றிக் கதைக்க நேரம் இருக்கும். ஒலிபெருக்கிக்கு மட்டும் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை மறந்துவிட்டு ஊர்வலத்தையே இழந்தவர்கள் உண்டு.

ஐம்பது பேருக்கு மூன்று பேர் என்ற அளவில் ஒழுங்கு பார்க்க ஆட்களை நிறுத்துங்கள். அவர்கள் கோஷம் போட வேண்டாம், பதாகை பிடிக்க வேண்டாம். ஒருவர் வாகனப் பக்கத்தைப் பார்ப்பார், ஒருவர் பொலிஸாரோடு கதைப்பார், ஒருவர் படம் எடுப்பார். வீதியின் ஒரு கரையில் நில்லுங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு அந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஒரு மணித்தியாலம் நிற்க முடியாது. தண்ணீரும், மயங்கி விழுந்தால் ஏற்றிப் போக ஒரு வாகனமும் இருக்கட்டும். சிவில் உடையில் வருவோர் உங்களைப் படம் எடுப்பார்கள். நேரத்தையும் வாகன இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், தள்ளுமுள்ளு வேண்டாம். வீதியோர முகாம்களை நோக்கிக் கமெராவைத் திருப்ப வேண்டாம்.

நிர்வாகக் கட்டடத்தைப் பூட்டுவது, துணைவேந்தரை அறைக்குள் வைத்து மறிப்பது, அலுவலகத்தை ஆக்கிரமிப்பது ஆகியவை வேறு வகை. பகிடிவதை தடுக்கும் 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் பணயமாகப் பிடித்தல், தடுத்து வைத்தல், கட்டடத்தைப் பலவந்தமாகக் கைப்பற்றல், சொத்துக்குச் சேதம் ஆகியவற்றையும் குற்றமாக்குகிறது. நியாயமான கோரிக்கைகள் பல இந்த ஒரு பிழையால் திசைமாறிப்போனதுண்டு. போராட்டம் விடுதித் தண்ணீருக்காகத் தொடங்கும், மூன்றாம் நாள் எல்லாரும் வகுப்புத்தடையைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

அதே சட்டம் இன்னொரு பக்கத்துக்கும் வெட்டும். முதலாம் வருட மாணவரை ஊர்வலத்துக்கு வரச்சொல்லி மிரட்டுவது, பொது இடத்தில் கருத்துச் சொன்னதற்காக ஒதுக்கி வைப்பது, இன்ன உடுப்பு, இன்ன வாசல் என்று சீனியர் கட்டளை போடுவது எல்லாம் பேச்சுரிமையைப் பறிக்கும் செயல்கள்தான். வளாகத்தில் வாய் திறக்கப் பயப்படும் பிள்ளைகளில் பலருக்குப் பயம் நிர்வாகத்தைப் பற்றி இல்லை. ஒன்றியம் தன் ஊர்வலத்துக்கு வராதவரைக் கேள்வி கேட்காமல் விட வேண்டும். அதைச் செய்யாத ஒன்றியத்துக்கு நிர்வாகத்திடம் உரிமை கேட்கும் தகுதி குறைவு.

முகநூலில் எழுதும்போது

விரிவுரையாளர் ஒருவரைப் பற்றி எழுதுவதாயின் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "இன்ன பாடத்தின் பெறுபேறு இன்ன மாதம் தொடக்கம் வெளியாகவில்லை." அவரின் நோக்கம், குணம், குடும்பம் வேண்டாம். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது. நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்கு இன்னும் போடலாம். பாலியல் தொந்தரவு போன்ற முறைப்பாட்டை முகநூலில் தொடங்காமல் முதலில் எழுத்தில் பதிவு செய்யுங்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளமும் விசாரணையும் அப்போதுதான் பாதுகாக்கப்படும்.

இனத்தையோ மதத்தையோ தொடும் எதையும் அனுப்ப முன் ஓர் இரவு வையுங்கள். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் (2007 இன் 56 ஆம் இலக்கம்) 3 ஆம் பிரிவில் கைதானால் நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 2020 ஏப்ரலில் ஒரு முகநூல் பதிவுக்காகக் கைதான ஓய்வுபெற்ற அரச அலுவலர் ஒருவர் ஐந்து மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவரின் உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது 2023 இல். நீதி கிடைத்தது, ஆனால் அந்த மாதங்கள் திரும்பி வரா. 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுகளையும் குற்றமாக்குகிறது. ஆகவே பதிவின் ஆதாரத்தைப் படமாக எடுத்து வைத்திருங்கள்.

தடுக்கப்பட்ட அன்றே செய்ய வேண்டியது

அதே நாளில், தடுத்தவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இப்படி: "மதிப்பிற்குரிய சேர், இன்று பி.ப. 3.20 அளவில் தொலைபேசியில், நாளைய கலந்துரையாடலை நடத்த வேண்டாம் என்று தாங்கள் கூறியதைப் பதிவு செய்கிறோம். இந்த முடிவை எடுத்த அதிகாரி யார், எந்த விதியின் கீழ் என்பதை எழுத்தில் தருமாறு வேண்டுகிறோம். இதில் பிழை இருப்பின் திருத்தி அறியத்தரவும்." கடைசி வரியை விடாதீர்கள். பதில் வராவிட்டால் உங்கள் பதிவு மறுக்கப்படாமல் நிற்கும். கூட இருந்து கேட்டவர்கள் தனித்தனியாக, தங்கள் சொந்த வார்த்தையில் எழுதி ஒப்பமிடட்டும்.

இனித் திகதிக் கணக்கு. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப்போட ஒரு மாதம்தான் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது (1996 இன் 21 ஆம் இலக்கச் சட்டம், 13 ஆம் பிரிவு). ஆனால் முறைப்பாட்டைப் போட்ட பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். வவுனியாவில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அவசர இலக்கம் 1996.

தகவல் உரிமை விண்ணப்பத்தையும் சமாந்தரமாகப் போடுங்கள் (2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டம்). "கடந்த 12 மாதத்தில் இந்த மண்டபத்துக்கு வந்த விண்ணப்பங்கள், ஏற்றவை, மறுத்தவை, மறுப்புக்கான காரணம்" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள். பலர் விழும் குழி இங்கேதான்: தகவல் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். தகவல் விண்ணப்பம் அந்த ஒரு மாதக் கணக்கை நிறுத்தாது. 14 வேலைநாள் என்பது கிட்டத்தட்ட மூன்று வாரம், மிச்சம் ஒரு வாரத்தில் கொழும்பில் மனு தயாராகாது. முதல் வாரத்திலேயே சட்டத்தரணியைப் பாருங்கள். பணம் இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

விசாரணைக்குக் கூப்பிட்டால்

தொலைபேசியில் கூப்பிட்டால் எழுத்தில் அழைப்பு கேளுங்கள்: எந்தப் பிரிவு, என்ன விடயம், எத்தனை மணிக்கு. தனியாகப் போக வேண்டாம். பெற்றோருக்கும் ஒரு விரிவுரையாளருக்கும் போகும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதி நீட்டினால், வாசிக்க முடியாத தாளில் ஒப்பமிட வேண்டாம். கைதானால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழாயின் 72 மணித்தியாலம். அந்தச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது கைது செய்தவரின் கடமை. அவர்கள் செய்வார்கள் என்று பார்த்திராமல் நண்பர்களே உடனே 1996 க்கு அழைக்கட்டும்.

பல்கலைக்கழக ஒழுக்காற்று விசாரணை என்றால் குற்றச்சாட்டை எழுத்தில், பதிலுக்குப் போதிய நாளோடு கேளுங்கள். வகுப்புத்தடைக் கடிதம் கைக்கு வந்த திகதியை உறையிலேயே எழுதுங்கள். ஒரு மாதக் கணக்கு அதற்கும் ஓடும்.

ஒன்றியக் குழு ஆண்டுதோறும் மாறும். பழைய கடிதம், முத்திரைப் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, மறுப்பு மின்னஞ்சல், தகவல் உரிமைப் பதில் எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரு கோப்பில் வைத்து, பொறுப்புக் கொடுக்கும் அன்று பட்டியலோடு ஒப்படையுங்கள். இன்னொரு பிரதி வளாகத்துக்கு வெளியே, நம்பிக்கையான பழைய மாணவர் ஒருவரின் வீட்டில் இருக்கட்டும்.